எட்டு மார்க் போட்டதற்கு எதற்குங்க ஜாதகம்?

போன ஆடியில் என் ஸ்கூட்டரைச் சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். தாராபுரத்தில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று வந்து போனவர்களுக்குத் தெரியும். மூலனூர் ரோட்டில் ஒரு தடவை போய்த் திரும்பினால் சட்டைப் பையில்கூட மண் இருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் பின் பிரேக் கிறீச்சென்று கத்த ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் போனில் ஒரு லிங்க்: 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், இரண்டே நிமிடம்.' சரி, பிரேக் சங்கதியை இதிலேயே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் மார்க். இரண்டாம் பக்கத்தில் கருத்துப் பெட்டி. சத்தம் எப்போது வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று நாலு வரி எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் மொபைல் நம்பர், பிறந்த தேதி, கல்யாண நாள், மாத வருமானம், வீட்டில் எத்தனை பேர், வேறு என்ன வண்டி இருக்கிறது, வீடு சொந்தமா வாடகையா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்பு நட்சத்திரம். வருமானத்தை விட்டுவிட்டு அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் நான் எழுதிய நாலு வரியும் காணோம். கத்துவது பிரேக். அதற்கும் என் கல்யாண நாளுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்காரியைக் கேட்டால் ஏதாவது சம்பந்தம் சொல்வாள், அது வேறு கதை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவேன். பார்ம் நிரப்புவதே பிழைப்பு என்பதால் எந்தக் கட்டம் அவசியம், எது சும்மா கேட்டு வைப்பது என்று ஓரளவு பிடிபட்டுவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் "ஏனுங் தம்பி, இதென்னமோ கேக்குதுங்களே" என்று போனை நீட்டினால் என்ன சொல்வேனோ, அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் லிங்கின் வாலைப் பாருங்கள்

எனக்கு வந்த லிங்கில் கம்பெனிப் பெயர், ஒரு சாய்கோடு, ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்து இருபது எழுத்துப் போல ஒரு வால். அதை அப்படியே மனைவியின் போனுக்கு அனுப்பித் திறந்து பார்த்தேன். அவள் போனிலும் 'வணக்கம்' என்று என் பெயரைச் சொல்லி, என் வண்டி நம்பரோடு திறந்தது. அந்த வால்தான் நான். பெயர், வண்டி நம்பர், என்ன வேலை செய்தார்கள், எவ்வளவு பில், எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அப்புறம் மூன்றாம் பக்கத்தில் மொபைல் நம்பர் என்ன என்று கேட்கிறார்கள். பந்தியில் உட்கார வைத்து இலையும் போட்டுவிட்டு, நீங்க யார் வீட்டு ஒரம்பரை என்று கேட்பது மாதிரி.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, 'உங்கள் பெயர் வெளியே தெரியாது' என்று மேலே எழுதியிருந்தாலும் வால் உள்ள லிங்கில் அதை நம்ப வேண்டாம். வாலை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் திறந்து பாருங்கள். சும்மா திறந்தால் சரி. 'லிங்க் செல்லாது' என்று வந்தால், அது உங்களுக்கென்றே செய்து அனுப்பியது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி லிங்கை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், திறக்கிறவர்கள் எல்லோருக்கும் உங்கள் பெயரும் பில்லும் தெரியும்.

கூகுள் பார்ம் என்றால் மேலேயே உங்கள் மெயில் முகவரி தெரியும். அதன் பக்கத்தில் மெயில் பகிரப்படவில்லை என்றோ, அனுப்பும்போது பதிவாகும் என்றோ பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

இன்னொரு வேலையும் முதலிலேயே செய்துவிட வேண்டும். கருத்தைப் பார்மில் நேராக எழுதாதீர்கள். போனில் நோட்ஸில் எழுதி, காப்பி செய்து கொண்டுவந்து ஒட்டுங்கள். கடைசிப் பக்கம் மறித்தால் எழுதியது போய்விடும், நான் இழந்த நாலு வரி மாதிரி. நோட்ஸில் இருந்தால் அதே வரிகளைக் கம்பெனியின் புகார் மெயிலுக்கு அனுப்பிவிடலாம்.

நட்சத்திரக் கட்டங்கள்

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது தெரியாவிட்டால் என் குறையைச் சரி செய்ய முடியாதா? வண்டி நம்பர் தெரியாமல் முடியாது. ஜாப் கார்டு (வண்டியை விடும்போது வேலையை எழுதித் தரும் சீட்டு) நம்பர், பில் தேதி, சரி. என் சம்பளம் தெரியாமல் பிரேக்கைக் கழற்ற முடியும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டும்தான் சம்மதம் செல்லும் என்கிறது. அதிலேயே ஓர் உதாரணமும் போட்டிருக்கிறார்கள்: ஆன்லைனில் மருத்துவம் பார்க்கும் செயலி ஒன்று நம் போனில் உள்ள நம்பர்களைக் கேட்கிறது, நாமும் சரி என்று அழுத்திவிடுகிறோம், அப்படியிருந்தும் மருத்துவத்துக்கு அந்த நம்பர்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகள் செய்ய வேண்டிய முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இன்றைக்கே போய்ச் சட்டம் பேசிச் சண்டை போட முடியாது. ஆனால் கேட்பது தப்பில்லை.

பிறந்த தேதிக்கு வருவோம். 'வாழ்த்துச் சொல்லத்தானே' என்று எல்லோரும் யோசிக்காமல் கொடுப்பது இதைத்தான். என் கடைக்கு இ-ஆதாரை பிரின்ட் எடுக்க வருகிறவர்களிடம் நான் பாஸ்வேர்டு கேட்பதில்லை. பெயரையும் பிறந்த வருஷத்தையும் மட்டும் கேட்பேன். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும் சேர்ந்ததுதான் அதன் பாஸ்வேர்டு. இ-பேன் கோப்புக்குப் பிறந்த தேதியேதான் பாஸ்வேர்டு. பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே பார்மில் எழுதிக் கொடுப்பது, பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைப்பது மாதிரிதான்.

சிலர் ஜனவரி ஒன்று என்று பொய்த் தேதி போடுகிறார்கள். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே இரண்டு பிறந்த நாள் உண்டு, அம்மா சொன்னது ஒன்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது ஒன்று. மூன்றாவதும் ஒன்று எதற்கு? பின்னால் அதே கம்பெனியில் வாரண்டி கேட்டுப் போகும்போது தேதி பொருந்தவில்லை என்றால் நம் தலையில்தான் விழும். நான் காலியாக விடுகிறேன். விட முடியாவிட்டால் பார்மையே மூடிவிடுகிறேன்.

எழுதும் கட்டமாக இருந்தால் 'சொல்ல விருப்பமில்லை' என்று எழுதுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு சிறு கோடு போட்டாலே போதும் என்கிற பார்மும் உண்டு. பட்டியலில் இருந்து தேர்ந்தெடுப்பதாக இருந்தால் அடிவரை தள்ளிப் பாருங்கள், 'சொல்ல விரும்பவில்லை' என்பது கடைசியில் ஒளிந்திருக்கும்.

போன் நம்பர் கட்டத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ஒன்பதில் ஆரம்பித்துக் கைக்கு வந்த பத்து இலக்கத்தைத் தட்டினால் அது யாரோ ஒருவருடைய நம்பராக இருக்கும், பாவம், லோன் வேண்டுமா என்று அவரை நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். விவரம் கொடுக்கும்போது வேறொருவர் மாதிரி நடிக்கக் கூடாது என்று நம் பக்கத்துக்கும் ஒரு கடமையை அந்தச் சட்டம் வைத்திருக்கிறது, மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

மெயில் கேட்டால் ஒரு வழி இருக்கிறது. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால், @ குறிக்கு முன்னால், ஒரு + போட்டு எந்தக் கடை என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள். மெயில் வழக்கம்போல உங்களுக்கே வரும். நான் சர்வீஸ் கடைக்கு 'வண்டி' என்று ஆங்கில எழுத்தில் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வீட்டுமனை விற்கிறவர் ஒருவரிடமிருந்து அந்த 'வண்டி' முகவரிக்கு மெயில் வந்தது. யார் கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. சில பார்ம்கள் + குறியை ஏற்காது, அப்போது வேறு வழியில்லை.

கடைசியாக, அனுப்பு பொத்தானுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி, பல நேரம் அவர்களே டிக் அடித்து வைத்திருப்பார்கள்: 'எங்கள் நிறுவனமும் எங்கள் பங்குதாரர்களும் உங்களைத் தொடர்பு கொள்ளச் சம்மதிக்கிறேன்.' விளம்பர அழைப்பு வேண்டாம் என்று நீங்கள் பதிந்து வைத்திருந்தாலும், நீங்களே கொடுத்த சம்மதம் அதைத் தாண்டிப் போய்விடும். மற்றது எதை மறந்தாலும் அந்த டிக்கை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

எட்டு நல்ல மார்க் இல்லையாம்

இதற்கு முந்தைய சர்வீஸின்போது நடந்தது. வேலை சுத்தமாக இருந்தது, சொன்ன நேரத்துக்குக் கொடுத்தார்கள். மனசாரப் பத்துக்கு எட்டு போட்டேன். நாங்கள் படித்த காலத்தில் எண்பது வாங்கினால் வீட்டில் தேங்காய் பன் வாங்கிக் கொடுப்பார்கள். மறுநாள் பொழுதோட அந்த மெக்கானிக் பையன் என் கடைக்கே வந்துவிட்டான். ஜெராக்ஸ் எடுக்க வந்தானாக்கும் என்று நினைத்தேன்.

"அண்ணா, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்ளா?"

"இல்லையே, நல்லாத்தானே செஞ்சிருந்தே. எட்டுப் போட்டனே."

"எட்டுப் போட்டா கணக்குல சேராதுங்ணா. மேனேஜர் கூப்ட்டு வெச்சு ஏன்னு கேக்கறாருங்ணா. ஒம்பதாச்சும் போட்டிருக்கலாமுங்ணா."

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2003இல் அமெரிக்காவில் பிரெட் ரைக்கெல்ட் என்கிற மேலாண்மை ஆலோசகர் பிரபலப்படுத்திய கணக்கு இது, நெட் ப்ரமோட்டர் ஸ்கோர் என்று பெயர். 'எங்களை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா' என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை கேட்டால் பெரும்பாலும் அதுதான். ஒன்பதும் பத்தும் போட்டவர்கள் ஆதரவாளர்கள். பூஜ்யத்திலிருந்து ஆறு வரை போட்டவர்கள் குறை சொல்கிறவர்கள். ஏழும் எட்டும் எந்தப் பக்கமும் சேராது. பத்துப் பேரில் ஐந்து பேர் ஒன்பதோ பத்தோ, மூன்று பேர் எட்டு, இரண்டு பேர் ஐந்து போட்டால், ஆதரவாளர்கள் ஐம்பது சதவீதத்திலிருந்து குறை சொல்கிறவர்கள் இருபது சதவீதம் போக முப்பது. நம் எட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் ஊர் மார்க்குக்கும் அவர்கள் மார்க்குக்கும் அவ்வளவு தூரம்.

அதனால் இப்போது நான் செய்வது இது. வேலை செய்த ஆள் நன்றாகச் செய்திருந்தால் ஒன்பதோ பத்தோ போட்டுவிடுவேன். கம்பெனி மேல் குறை இருந்தால் அதைக் கருத்துப் பெட்டியில் தனியாக எழுதுவேன்: 'மெக்கானிக் வேலை நன்று. இந்தப் படிவத்தில் வருமானம் கேட்பது தேவையற்றது.' கம்பெனி மேல் உள்ள கோபத்தில் ஆறு போட்டால் அந்தப் பையனைத்தான் போய் அடிக்கும். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு 'பத்தே போடுங்க' என்று எதிரிலேயே நிற்கிறவர்களுக்கு நான் எதுவும் போடுவதில்லை. வீட்டுக்குப் போய்ப் போடுகிறேன் என்று வந்துவிடுவேன்.

கவுண்டரில்

லிங்கைக்கூட மூடிவிடலாம், எதிரில் ஒரு பெண் பிள்ளை சிரித்த முகமாக நின்று நம்பர் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. இதில் என் மனைவிதான் கெட்டிக்காரி. ஈரோட்டில் ஒரு துணிக்கடையில், கொழுந்தியா மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுத்துவிட்டுப் பில்லுக்கு நிற்கிறோம். பில் போடும் பெண் நம்பர் கேட்டாள்.

"கண்ணு, எனக்கு நம்பர் மனப்பாடம் இல்ல. அவருதான் சொல்லோணும், அவரு வண்டிகிட்ட நிக்கறாரு. நம்பரு இல்லாமப் போட்டுரு சாமி."

நான் அவள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். பத்து சைபர் தட்டி பில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

நான் அப்படி நடிக்க மாட்டேன், 'நம்பர் இல்லாமல் பில் போடுங்க' என்று நேராகவே சொல்லிவிடுவேன். சிஸ்டம் ஏற்காது என்பார்கள். மேலாளரைக் கூப்பிட்டால் ஏற்றுக்கொள்ளும். மொபைல் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்திவிட்டது. அதை மெதுவாகச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் சத்தம் போட வேண்டாம், நாளைக்கு இத்தனை நம்பர் வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருக்கும்.

நோம்பியில் போடும் குலுக்கல் சீட்டும் இதே ஜாதிதான். தேர்க்கடை ஓரத்தில் மேஜை போட்டு, கார் படம் ஒட்டி, 'எங்கள் பொருளைப் பற்றி உங்கள் கருத்து' என்று ஒரு வரியும், பெயர், நம்பர், தொழில், வருமானம் என்று ஆறு வரியும். அதை நிரப்பிக் கார் ஓட்டியவரை நான் பார்த்ததில்லை.

ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றால்

1909க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி, இடம் விட்டு 0 சேர்த்து எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பர அழைப்புகளும் செய்திகளும் மொத்தமாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் வந்தால் வந்த 7 நாளுக்குள் அதே 1909இல் புகார் செய்யலாம். வந்த எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: ஆங்கில 'பி' இருந்தால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவைச் செய்தி, 'டி' பரிவர்த்தனைச் செய்தி, 'ஜி' அரசு.

ஆனால் வேரில் போய் நிறுத்த வேண்டுமென்றால் கம்பெனிக்கே எழுத வேண்டும். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் தட்டிக் கொடுப்பது இதுதான், தேதியையும் பில் நம்பரையும் மாற்றிக்கொண்டு நீங்களும் அனுப்பலாம்:

'ஐயா, இன்ன தேதியில் இன்ன பில் எண்ணில் உங்களிடம் சேவை பெற்றேன். அதற்கான கருத்துப் படிவத்தில் என் பிறந்த தேதி, வருமானம், குடும்ப விவரம் ஆகியவற்றைக் கொடுத்திருந்தேன். அவற்றைப் பயன்படுத்த நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அந்த விவரங்களை அழித்துவிட்டு எனக்குத் தெரிவிக்கவும். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களின் பெயரைத் தெரிவிக்கவும். சேவை பற்றிய என் கருத்தை வைத்துக்கொள்ளலாம்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நாம் கருத்துச் சொல்ல மறுக்கிற ஆள் இல்லை என்பது அதில்தான் இருக்கிறது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். நுகர்வோர் நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத விதத்தில் அடுத்தவருக்குக் கொடுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. என் 'வண்டி' முகவரி மெயிலை அதற்குத்தான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சர்வே என்று வருகிற எல்லாமே சர்வேயும் இல்லை. கருத்துச் சொன்னால் பரிசு, முதலில் இருபது பேருக்கு அனுப்புங்கள் என்றாலும், பரிசை அனுப்ப ஐந்து ரூபாய் கட்டுங்கள் என்றாலும், ஓடிபி சொல்லுங்கள் என்றாலும், ஏதோ ஒரு செயலியைப் போனில் ஏற்றச் சொன்னாலும் அது திருட்டு. போனை மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள்.

என் பிரேக்குக்கு என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே. மறுநாள் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் அந்த நாலு வரியையும் கையால் எழுதிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு நேரில் போனேன். அதே பையன்தான். சக்கரத்தைக் கழற்றி டிரம்முக்குள் ஊதினான், ஒரு கைப்பிடி ஆடி மண் கொட்டியது. பிரேக் ஷூவை உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மாட்டினான். பத்து நிமிஷம், காசு வாங்கவில்லை. சத்தம் போயே போச்சு. டீ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, "அண்ணா, லிங்க் வருமுங்ணா" என்று தலையைச் சொறிந்தான்.

வந்தது. பத்து போட்டேன். கருத்தை நோட்ஸிலிருந்து ஒட்டினேன். மூன்றாம் பக்கத்தில் இந்தத் தடவை வருமானத்தின் கீழே ஒரு புதுக் கட்டமும் முளைத்திருந்தது: 'மனைவியின் பிறந்த நாள்.'

அதை அவளிடம் காட்டினேன். "எனக்கே மறந்து போற தேதிய இவங்களுக்கு எதுக்குங்க சொல்லோணும்?" என்று போனை வாங்கி மூடி வைத்தாள். பையனுடைய பத்தை மேனேஜரிடம் நேரில் சொல்ல நாளைக்குப் போக வேண்டும்.